சொந்த ஊரில் ஒரு சுற்றுலா

1. கடன் வாங்கிப் போகலாமா?

ஸ்ரீவராகம் திருவனந்தபுரம் நகரத்தில் உள்ள ஒரு பகுதி. கிழக்கேகோட்டைக்கும் மணக்காட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது. இங்கே மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்கிறார்கள்.

இங்கே ஒரு கொத்தனார் குடும்பம் வசிக்கிறது. கொத்தனார், அவர் மனைவி, அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று மொத்தம் ஐந்து பேர். மகள் எட்டாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. கொத்தனாரின் மனைவி சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார்.

ஏப்ரல் மாதம். பள்ளிக்கு விடுமுறை. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் கூடப் படிக்கிறவன் வெளியூருக்குப் போயிருக்கான். அங்கே பெரிய விளையாட்டுப் பூங்கா இருக்காம். தண்ணீரில் சறுக்கலாமாம். நாம மட்டும் எங்கேயும் போகிறதில்லை. இந்த ஊரில் என்ன இருக்கு?" என்றான்.

கொத்தனாருக்கு மனம் கேட்கவில்லை. அன்று இரவு மனைவியிடம் பேசினார்.

"பிள்ளைகள் ஆசைப்படுறாங்க. ஐந்து பேருக்கும் ரயில், சீட்டு, சாப்பாடு, தங்குகிற செலவு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகும். தெரிந்த ஒருவர் வட்டிக்குத் தருகிறேன் என்கிறார்."

"எவ்வளவு வட்டி?" என்று மனைவி கேட்டார்.

"மாதம் நூற்றுக்கு 5 ரூபாய்."

மனைவி பதில் பேசவில்லை. போன ஆண்டு வாங்கிய கடனை அடைக்க அவர் காதுக் கம்மலை விற்றிருந்தார். அது இருவருக்கும் நினைவு வந்தது.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. 1990 ஆம் ஆண்டு கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாளைப் பாட்டி இன்றும் மறக்கவில்லை.

பாட்டி ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தார்.

"மக்கா, 12,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி எவ்வளவு?" என்று மகனிடம் கேட்டார்.

"600 ரூபாய் அம்மா."

"ஒரு வருஷத்துக்கு?"

கொத்தனார் மனக்கணக்குப் போட்டார். அவர் குரல் இறங்கியது. "7,200 ரூபாய்."

"முதலோடு சேர்த்து 19,200 ரூபாய். இரண்டு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் கவலைப்படணும். எனக்கு ஒரு வாரம் கொடு. பிள்ளைகளை நான் கூட்டிப்போகிறேன். நீங்களும் வேலை முடிந்து வாருங்கள். அதற்குப் பிறகும் இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்று தோன்றினால், அப்போது கடனைப் பற்றிப் பேசலாம்."

2. வாசலில் தொடங்குவோம்

முதல் நாள் மாலை பாட்டி பிள்ளைகளைப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவராகம் குளத்துக்குக் கூட்டிப் போனார்.

"இது நம்ம குளம்தானே பாட்டி? தினமும் பார்க்கிறோமே!" என்றாள் பேத்தி.

"பார்க்கிறாயா? இந்த வழியாகப் போகிறாய். போவது வேறு, பார்ப்பது வேறு" என்றார் பாட்டி.

மூவரும் கரையில் உட்கார்ந்தார்கள். காற்று குளிர்ந்து வந்தது. மீன்கொத்தி ஒன்று மேலிருந்து பாய்ந்து மீனோடு எழுந்தது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்தது. பேரன் அசையாமல் பார்த்தான்.

இந்த ஊருக்குப் பெயர் வந்த கதையைப் பாட்டி சொன்னார். இங்குள்ள கோயிலில் திருமால் வராக வடிவில் இருக்கிறார். வராகம் என்றால் பன்றி. கடலுக்குள் மூழ்கிய பூமியை வராகம் தன் கொம்பில் தூக்கி வந்தது என்பது புராணக் கதை. அந்தக் கோயிலால் ஊருக்கு ஸ்ரீவராகம் என்று பெயர் வந்தது. கோயிலுக்கு உரியது இந்தப் பெரிய குளம்.

"குளம் அழகுக்கு மட்டும் இல்லை. மழைநீர் இதில் தங்கும். தங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கும். அதனால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஊறும். குளத்தில் குப்பை போட்டால் நம் கிணற்றில் போட்டது போல" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "பெரியவர்கள் கூட இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆழம் தெரியாத நீர் ஆளை வாங்கிவிடும்."

அன்றைய செலவு கடலைக்கு மட்டும்தான்.

3. கோட்டைக்குள்ளே

இரண்டாம் நாள் எல்லோரும் கிழக்கேகோட்டைக்கு நடந்து போனார்கள். பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. கோபுரத்தின் எதிரே பத்மதீர்த்தக் குளம் இருக்கிறது.

"ஆண்டில் இரண்டு முறை பகலும் இரவும் சமமாக வரும். மார்ச் மாதத்தில் ஒன்று, செப்டம்பர் மாதத்தில் ஒன்று. அந்த நாட்களில் மாலைச் சூரியன் கோபுரத்தின் வாசல்கள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். மேல் வாசலில் தெரியும் சூரியன் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும்" என்றார் பாட்டி.

"எப்படிப் பாட்டி இவ்வளவு சரியாகக் கட்டினார்கள்?" என்று பேரன் கேட்டான்.

கொத்தனார் பதில் சொன்னார். "கோபுரம் கிழக்கு மேற்காக நேராக நிற்கிறது. அந்த இரண்டு நாளில் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். அதனால்தான் வாசலுக்கு நேராக வருகிறது. நூல் பிடித்துக் கட்டினால்தான் இப்படி அமையும்." தன் தொழிலைப் பற்றி மகன் கேட்டது அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

கோபுர வாசலில் பாட்டி நின்றார். அவர் குரல் மாறியது.

"என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கோயிலுக்குள் போக முடியாது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அரசின் கோயில்களுக்குள் இந்துக்கள் எல்லோரும் சாதி வேறுபாடு இல்லாமல் போகலாம் என்றது அந்த அறிவிப்பு. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் போராடினார்கள். இன்று நாம் இந்த வாசலில் நிற்கிறோம். இதற்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் இது சும்மா கிடைத்ததும் இல்லை."

பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள்.

குளக்கரைப் பக்கம் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. அதன் பெயர் மேத்தன் மணி. தாடி வைத்த மனித முகம் ஒன்று நடுவில் இருக்கும். இரு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும். ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். இப்படி அமைத்திருக்கிறார்கள். பேரன் சிரித்துச் சிரித்துக் கீழே விழாத குறைதான்.

அருகில் குதிரை மாளிகை இருக்கிறது. இதை சுவாதித் திருநாள் மகாராஜா கட்டினார். அவர் 1813 முதல் 1846 வரை வாழ்ந்தவர். பெரிய இசைப் புலவர். மாளிகையின் கூரைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போகச் சீட்டு வாங்க வேண்டும்.

4. கடைத்தெருவும் ஒரு காட்சி

மூன்றாம் நாள் கொத்தனாரின் மனைவி எல்லோரையும் தான் வேலை செய்யும் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. 200 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. தமிழ்நாட்டிலிருந்து பூவும் காய்கறியும் இங்கே வருகின்றன. தோவாளைப் பூ, வெல்லம், பாத்திரம், மளிகை என்று எல்லாம் கிடைக்கும். ஒரு கடையில் தமிழ், அடுத்த கடையில் மலையாளம்.

"வாங்கத்தான் கடைத்தெரு என்று இல்லை. விலை கேட்கலாம், மணம் பிடிக்கலாம், மனிதர்களைப் பார்க்கலாம்" என்றார் அம்மா.

பிறகு ஒரு கதை சொன்னார். அது உண்மைக் கதை.

ஆ. மாதவன் என்று ஒரு தமிழ் எழுத்தாளர் இருந்தார். 1934 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தார். இதே சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தினார். அவர் கதைக்கு ஆள் தேடி வெளியூர் போகவில்லை. மூட்டை தூக்குபவர், தெருவில் விற்பவர், வேலை இல்லாமல் திரிபவர் என்று தன் கடை வாசலில் கண்டவர்களையே எழுதினார். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' ஆகியவை அவருடைய நாவல்கள். 2015 ஆம் ஆண்டு அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2021 ஆம் ஆண்டு காலமானார்.

"ஒரு தெருவைப் பார்த்தே இத்தனை எழுதினாரா?" என்று மகள் வியந்தாள்.

"பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தெரு போதும்" என்றார் பாட்டி.

அன்று இரவு மகள் தன் நோட்டில் ஒரு பக்கம் எழுதினாள். ஸ்ரீவராகம் குளத்து மீன்கொத்தியைப் பற்றி எழுதியிருந்தாள்.

5. கொத்தனார் கண்ட கட்டடம்

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் பேருந்தில் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணப் பேருந்தில் குறைந்த கட்டணம் 2022 ஆம் ஆண்டு 10 ரூபாய் ஆயிற்று. மகனுக்கு அரைச் சீட்டு.

அருங்காட்சியகத் தோட்டத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. காலையும் மாலையும் ஏராளமானோர் நடக்க வருகிறார்கள். பெரிய மரங்கள் நிழல் தருகின்றன. நடுவில் நேப்பியர் அருங்காட்சியகம் நிற்கிறது. 1880 ஆம் ஆண்டு கட்டி முடித்த கட்டடம் இது. இதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் அவரே வடிவமைத்தார். இங்கே கேரள பாணிக் கூரையை அவர் பயன்படுத்தினார்.

கொத்தனார் சுவரருகில் போய் நின்றார். செங்கல் வரிசைகளைப் பார்த்தார். கூரைச் சரிவைப் பார்த்தார். காற்று போக வைத்த வழிகளைப் பார்த்தார். வெயில் வேளையிலும் உள்ளே அவ்வளவு வெப்பம் இல்லை.

"இருபத்தைந்து வருஷமாக இந்த வழியாக வேலைக்குப் போகிறேன். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இதைக் கட்டியவர்களும் என்னைப் போலக் கரண்டி பிடித்தவர்கள்தானே!" என்றார்.

மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எது நல்ல கட்டு என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அப்பா விளக்கினார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

அங்கேயே ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் இருக்கிறது. இது 1935 இல் திறக்கப்பட்டது. கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது. பக்கத்தில் மிருகக்காட்சிசாலை.  இவற்றுக்குச் சீட்டு உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. அதனால் நாள் பார்த்துப் போக வேண்டும்.

திரும்பும் வழியில் பாளையத்தில் அரசு மத்திய நூலகத்தைக் கண்டார்கள். 1829 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் இது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று.

"நான் முப்பத்தைந்து வயதில் படிக்கக் கற்றேன். அதற்கு முன்னால் இந்தக் கட்டடம் எனக்கு வெறும் சுவர். இப்போது இது எனக்கும் சொந்தம்" என்றார் பாட்டி.

6. கடல் சொன்ன பாடம்

ஐந்தாம் நாள் மாலை சங்குமுகம் கடற்கரை. சூரியன் கடலில் இறங்கும் நேரம். கரையில் சாகரகன்னிகை என்னும் பெரிய சிற்பம் இருக்கிறது. கடல்கன்னி ஒருத்தி படுத்திருக்கும் கோலம். நீளம் 87 அடி. சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1992 இல் இதை முடித்தார்.

"பாட்டி, மணல் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?" என்று மகள் கேட்டாள்.

முன்பு இங்கே அகலமான மணல்வெளி இருந்தது. கடல் அரிப்பினால் அது குறைந்தது. 2021 மே மாதம் தௌக்தே புயல் வந்தபோது கடற்கரைச் சாலையே இடிந்து விழுந்தது. பிறகு சாலையைத் திரும்பக் கட்டினார்கள். மீனவர்களின் வீடுகளுக்கும் கடல் அரிப்பால் ஆபத்து.

"நாம் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் இது" என்றார் கொத்தனாரின் மனைவி. "எப்போதும் இருக்கும் என்று நினைத்தோம். பிள்ளைகளைக் கூட்டி வர இத்தனை நாள் தள்ளிப்போட்டோம்."

கடலில் அலை பெரிதாக இருந்தது. காவலர் கொடி நட்டிருந்தார். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள்.

7. ஆண்டு முழுவதும் திருநாள்

ஆறாம் நாள் மழை பெய்தது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பாட்டி பல்லாங்குழி கற்றுக் கொடுத்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினார்கள். கட்டணம் இல்லாமல் காணக் கூடிய விழாக்களின் பட்டியல் அது.

மாசி: ஆற்றுகால் பொங்கல். ஆற்றுகால் அம்மனைக் கண்ணகி என்று சொல்வார்கள். லட்சக்கணக்கான பெண்கள் தெருவிலே மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிடுவார்கள். 2009 இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. மணக்காட்டில் பள்ளிவாசல் வளாகத்தையும் பொங்கலிட வரும் பெண்களுக்குத் திறந்து வைப்பதுண்டு.

பங்குனியும் ஐப்பசியும்: பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு. ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகும். வழியில் விமான நிலைய ஓடுபாதையைக் கடக்கும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்துவார்கள்.

ஆவணி: ஓணம் வாரம். தெருவெங்கும் விளக்கு. மேடைகளில் பாட்டு, நடனம், நாடகம்.

புரட்டாசி: நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கை. மூன்று தெய்வங்களும் தமிழ்நாட்டிலிருந்து ஊர்வலமாக வரும். இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்வார்கள். நவராத்திரி மண்டபத்தில் பெரிய வித்வான்கள் பாடுவார்கள். முன்பு அங்கே பெண்கள் பாட முடியாது. 2006 இல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அங்கே பாடிய முதல் பெண் அவர்.

இவை தவிர பீமாபள்ளி உரூஸும் வெட்டுகாடு தேவாலயத் திருவிழாவும் உண்டு. எல்லா மதத்தாரும் போவார்கள்.

"பாட்டி, ஒரு வருஷம் போதாது போலிருக்கே!" என்றான் பேரன்.

8. கணக்குப் பார்த்தார்கள்

ஏழாம் நாள் இரவு. மகள் நோட்டை எடுத்து வந்தாள். வாரச் செலவை வாசித்தாள்.

பேருந்து: 280 ரூபாய்
நுழைவுச் சீட்டு: 260 ரூபாய்
கடலை, சுண்டல், தேநீர்: 310 ரூபாய்
மொத்தம்: 850 ரூபாய்

கொத்தனார் வட்டிக்காரரிடம் "கடன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் மகன் மெல்லக் கேட்டான். "அப்பா, ஊர் நல்லா இருக்கு. ஆனால் எனக்கு அந்தப் பூங்காவும் பார்க்கணும்."

யாரும் அவனைத் திட்டவில்லை. "ஆசைப்படுவது தப்பில்லை மக்கா" என்றார் பாட்டி. "கடன் வாங்கி ஆசைப்படுவதுதான் தப்பு. வட்டியாகப் போக இருந்த 600 ரூபாயை மாதாமாதம் தபால் நிலையத்தில் போடலாம். ஒரு வருஷத்தில் 7,200 ரூபாய் சேரும். கூடக் கொஞ்சம் காத்திருந்தால் சொந்தக் காசில் போகலாம்."

கொத்தனார் தலையாட்டினார். "அதுவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊரைப் பார்ப்போம். அடுத்த முறை நான் வேலை செய்த கட்டடங்களைக் காட்டுகிறேன்."

மறுநாள் மாலை பேரன் குளக்கரைக்குத் தானே பாட்டியை இழுத்துக்கொண்டு போனான். கரையில் யாரோ போட்ட பிளாஸ்டிக் பை கிடந்தது. அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு மீன்கொத்தி உட்காரும் கொம்பைத் தேடினான். அது அங்கேயே இருந்தது.

தெரிந்துகொண்டோம்

• மகிழ்ச்சிக்குக் கடன் தேவையில்லை. வட்டியைக் கணக்கிட்ட பிறகே கடனைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.
• ஒவ்வோர் ஊரிலும் பார்க்கத் தக்க இடங்கள் உண்டு. குளம், சந்தை, பழைய கட்டடம், நூலகம், திருவிழா எல்லாம் நமக்குச் சொந்தம்.
• பொது இடங்களைச் சுத்தமாக வைப்பது நம் கடமை. கவனிக்காமல் விட்டால் அவை அழிந்து போகும்.
• நீர்நிலைகளிலும் கடலிலும் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

சிந்தித்துப் பேசுவோம்

1. "போவது வேறு, பார்ப்பது வேறு" என்று பாட்டி ஏன் சொன்னார்?
2. 8,000 ரூபாய் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. ஒரு வருஷ வட்டி எவ்வளவு?
3. பாட்டி நூலகத்தை "எனக்கும் சொந்தம்" என்றார். ஏன்?
4. உங்கள் ஊரில் கட்டணம் இல்லாமல் காணக் கூடிய ஐந்து இடங்களை எழுதுங்கள். அவற்றில் நீங்கள் இதுவரை போகாத இடம் எது?
5. உங்கள் ஊர்க் குளம் அல்லது ஏரியின் கதையை வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். பத்து வரிகளில் எழுதிக் கற்போர் மையத்தில் படித்துக் காட்டுங்கள்.